வாசலில் கேட்கும் குரல்

விடியற்காலை நேரம். வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு, பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்புகிறீர்கள். மாடிப்படிக்குக் கீழே, பழைய பேப்பர் கட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு சன்னமான குரல்! குனிந்து பார்க்கிறீர்கள். உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவில் மூன்று பூனைக்குட்டிகள். இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. தாய்ப் பூனையைக் காணோம்.

உள்ளே குக்கர் வைக்க வேண்டும். குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். விளக்கேற்ற வேண்டும். 'எதையும் தொட்டுக்கொண்டு உள்ளே வராதே, ஆசாரம் என்று ஒன்று இருக்கிறது' என்கிறார் மாமியார். 'அதது தலையில் எழுதினபடி நடக்கும், உங்களுக்கு ஏன் மாமி வம்பு?' என்கிறார் எதிர் ஃப்ளாட்டுக்காரர். ஆனால், அந்தக் குரல் மட்டும் பூஜையறை வரை பின்னாலேயே வருகிறது. சகஸ்ரநாமம் சொல்ல உட்கார்ந்தால் நாமம் நகர மறுக்கிறது!

இப்போது உங்கள் தர்மம் எது?

'சின்ன விஷயம், இதற்குப் போய் தர்மம், அதர்மம் என்று பேச வேண்டுமா?' என்று நினைக்காதீர்கள். பெரிய தானங்கள் செய்ய நமக்கு எப்போதாவதுதான் வாய்ப்பு வருகிறது. மனசாட்சி நம்மைத் தினமும் பரீட்சை செய்வது இதுபோன்ற சின்ன விஷயங்களில்தான்.

முதலில் 'தலையெழுத்து' என்ற பதிலை எடுத்துக்கொள்வோம். அந்தக் குட்டி அநாதையானது அதன் வினைப்பயன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் வாசலில் வந்து கிடப்பதும், அதன் குரல் உங்கள் காதில் விழுந்ததும் மட்டும் வினைப்பயனில் சேராதா? விதியைக் காரணம் காட்டி நம் சொந்தக் குழந்தையின் காய்ச்சலுக்கு மருந்து கொடுக்காமல் இருக்கிறோமா? இல்லையே! பிறர் துன்பம் என்று வரும்போது மட்டும் விதி நம் நினைவுக்கு வருகிறது என்றால், அது வேதாந்தம் அல்ல, சௌகரியம்!

இல்லறத்தில் இருப்பவர் தினமும் செய்ய வேண்டிய ஐந்து வேள்விகளைச் சாஸ்திரம் சொல்கிறது. அவற்றில் ஒன்று பூத யக்ஞம், அதாவது மற்ற உயிர்களுக்கு உணவளிப்பது. சமைத்ததும் ஒரு பிடி சாதத்தைக் காக்கைக்கு வைத்துவிட்டுத்தானே நாம் சாப்பிட உட்காருகிறோம்? காக்கைக்கு வைக்கிற கைக்குப் பூனைக்குட்டி அந்நியமாகிவிடுமா?

மதுரை சொக்கநாதர் நிகழ்த்திய 64 திருவிளையாடல்களில் ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாண்டியன் வேட்டைக்குப் போகிறான். ஆண் பன்றியும் பெண் பன்றியும் மடிந்துவிடுகின்றன. 12 குட்டிகள் தாயை இழந்து, காட்டில் பசியால் துடிக்கின்றன. அந்தக் குரல் ஆலவாய் அண்ணலின் செவியில் விழுகிறது. அவர் என்ன செய்தார்? தாய்ப் பன்றியின் வடிவெடுத்து வந்து, அந்தக் குட்டிகளுக்குப் பால் கொடுத்தார்!

இந்தக் கதையை இறைவனின் கருணைக்கு உதாரணமாகக் கேட்டிருப்போம். இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. காமதேனுவை அனுப்பியிருக்கலாம், அமுதத்தையே வரவழைத்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் அவரே பன்றியானார். காரணம், பன்றிக்குட்டிக்கு வேண்டியது பன்றியின் பால். தான் கொடுக்க நினைப்பதைக் கொடுப்பதல்ல கருணை. அந்த உயிருக்கு எது வேண்டுமோ அதுவாகவே மாறி நிற்பதுதான் கருணை!

இதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் மாடிப்படியிலும் இதேபோல் மூன்று குட்டிகள் கிடந்தன. ஐயோ பாவம் என்று அள்ளிக்கொண்டு வந்தேன். நல்ல பசும்பாலாகக் காய்ச்சி, ஆற வைத்து, மடியில் மல்லாக்கப் போட்டுக்கொண்டு புகட்டினேன். என் குழந்தைகளுக்குச் செய்தது போலவே, அத்தனை அன்போடு! இரண்டாம் நாள் வயிற்றுப்போக்கு. மூன்றாம் நாள் அவற்றில் மிகச் சிறியது கண்ணைத் திறக்காமலேயே போய்விட்டது. 'பசும்பால் இதுகளுக்கு ஜீரணமாகாதும்மா' என்று கால்நடை டாக்டர் சொன்னபோது, எனக்குத் தலை நிமிரவில்லை.

என் எண்ணம் நல்லதுதான். ஆனால், நல்ல எண்ணம் மட்டும் போதுமா? போதாது என்று அந்தச் சின்ன உயிர் எனக்குச் சொல்லிவிட்டுப் போனது. அறியாமல் செய்ததற்கு மன்னிப்பு உண்டு என்று பெரியோர் சொல்வார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்தும் கேட்காமல் இருந்தது என் தவறுதானே? அதனால்தான், அன்றைக்கு நான் கற்றதை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

முதல் கருணை, காத்திருப்பது!

வைணவப் பெரியோர் சரணாகதியை விளக்கும்போது இரண்டு உவமைகள் சொல்வார்கள். ஒன்று மர்க்கட நியாயம். குரங்குக்குட்டி தன் தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும். மற்றொன்று மார்ஜார நியாயம். பூனைக்குட்டி ஒன்றுமே செய்யாது. தாய்தான் வாயால் கவ்வி, பத்திரமான இடத்துக்குத் தூக்கிச் செல்லும். வடகலையார் முதலாவதையும் தென்கலையார் இரண்டாவதையும் எடுத்துச் சொல்வது வழக்கம். நாம் இங்கே கவனிக்க வேண்டியது, ஒரு நேரத்தில் ஒரு குட்டியைத்தான் தாய்ப் பூனையால் தூக்க முடியும் என்பதை!

ஆகவே, உங்கள் படிக்கட்டில் குட்டிகள் தனியாகக் கிடந்தால் அவை அநாதை என்று உடனே முடிவு கட்டாதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கலாம். ஒவ்வொன்றாக இடம் மாற்றிக்கொண்டிருக்கலாம். நீங்கள் அருகிலேயே நின்றால், பயந்துபோய் வராமலும் இருக்கலாம். வயிறு நிறைந்து, உடம்பு கதகதப்பாக இருந்து, குட்டிகள் அமைதியாகத் தூங்கினால் தாய் பக்கத்தில்தான் இருக்கிறாள் என்று அர்த்தம். மழை, எறும்பு, நாய், வாகனம் என்று உடனடி ஆபத்து இல்லாவிட்டால், தூரத்தில் இருந்து சில மணி நேரம் கவனியுங்கள். மனித வாசனை பட்டால் தாய் சேர்க்காது என்று பயப்பட வேண்டாம், பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளும். புண்ணியம் செய்கிற அவசரத்தில் ஒரு தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்துவிடக் கூடாது அல்லவா!

தாய் வரவே இல்லை, குட்டிகள் சில்லிட்டுப்போய் ஓயாமல் கத்துகின்றன என்றால், அப்போது கையில் எடுங்கள். பாலுக்கு முன்னால் வேண்டியது சூடு. முதல் மூன்று, நான்கு வாரங்கள் குட்டிகளால் தங்கள் உடம்புச் சூட்டைத் தாங்களே காத்துக்கொள்ள முடியாது. அட்டைப்பெட்டியில் பழைய பருத்தித் துணியை விரித்து, வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு ஓரமாக வையுங்கள். சில்லிட்ட குட்டிக்குப் பால் புகட்டவே கூடாது. பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கும் பால் பவுடரை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். குட்டியைக் குப்புற இருக்கும் நிலையில் வைத்து, சிறிது சிறிதாகப் புகட்டுங்கள். மல்லாக்கப் போட்டால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். முதல் வாரத்தில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியிலும்தான். ஒவ்வொரு தடவையும் பால் கொடுத்த பிறகு, வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்லத் துடைத்துவிட வேண்டும். தாய் நாக்கால் நக்கிவிடுவதைப் போல! அப்படிச் செய்தால்தான் அவற்றால் சிறுநீர் கழிக்கவே முடியும். 7 முதல் 14 நாட்களுக்குள் கண் திறக்கும். நாலாவது வாரத்திலிருந்து மெல்ல மெல்ல மற்ற உணவு பழக்கலாம்.

ஆசாரம் என்ன ஆவது?

நியாயமான கேள்வி. மாமியார் சொல்வதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க வேண்டியதில்லை. சுத்தம் அவசியம். பெட்டி பால்கனியிலோ, வெயிலும் மழையும் படாத ஒரு மூலையிலோ இருக்கட்டும். சமையலறைக்கும் பூஜையறைக்கும் வர வேண்டாம். கையைக் காலை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு விளக்கேற்றுங்கள். வீட்டில் கருவுற்ற பெண் இருந்தால், பூனையின் கழிவை அவர் சுத்தம் செய்யக் கூடாது. கடித்தாலோ, பிறாண்டினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே டாக்டரைப் பாருங்கள். ஆசாரமும் கருணையும் ஒன்றுக்கொன்று எதிரிகள் அல்ல. ஒரு உயிரைக் கைவிடுவதற்கு ஆசாரத்தைச் சாக்காக்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

சரி, உங்களால் முடியவே முடியாத சூழ்நிலை என்றால்? படுக்கையில் மாமனார், கைக்குழந்தை, ஆஸ்துமா... 'என்னால் முடியாது' என்று சொல்வது பாவம் அல்ல. முடியாதபோது முடியும் என்று தூக்கி வந்து, பாதியில் விடுவதுதான் பாவம். முடிந்தவர் யார் என்று விசாரித்து, அவர் கையில் சேர்த்துவிடுவதும் தர்மம்தான். பால் பவுடருக்கான பணம் கொடுப்பதும், ராத்திரி ஒரு வேளை பார்த்துக்கொள்வதும்கூட உங்கள் பங்கு.

வளர்த்துவிட்டு, விட்டுவிடுவது...

இனிதான் கஷ்டமான கேள்வி. ஸ்ரீமத் பாகவதத்தில் பரத மகாராஜாவின் கதை வருகிறது. நாட்டைத் துறந்து, கண்டகி நதிக்கரையில் தவம் செய்கிறார். சிங்கத்தின் கர்ஜனைக்குப் பயந்து ஆற்றைத் தாண்டிய மான், குட்டியை நீரில் ஈன்றுவிட்டு இறந்துபோகிறது. தவித்த மான்குட்டியைப் பரதர் எடுத்து வளர்க்கிறார். நாளடைவில் ஜபம் போயிற்று, பூஜை போயிற்று, எல்லாமே மான்குட்டி என்றாகிவிட்டது. கடைசி மூச்சிலும் அதே நினைவு. அடுத்த பிறவியில் மானாகவே பிறந்தார்!

'பார்த்தீர்களா, இதற்குத்தான் வேண்டாம் என்கிறோம்' என்பார்கள் சிலர். ஆனால், யோசித்துப் பாருங்கள். ஆற்றில் தத்தளித்த குட்டியை எடுத்தது தவறா? அப்படியே விட்டுவிட்டுக் கண்ணை மூடித் தியானம் செய்திருந்தால், அந்தத் தவத்துக்கு என்ன மதிப்பு? எடுத்தது தவறல்ல, 'என்னுடையது' என்று பிடித்துக்கொண்டதுதான் பிழை.

இதற்கு நேர் எதிரில் கார்த்திகைப் பெண்களை வைத்துப் பாருங்கள். சரவணப் பொய்கையில் ஆறு குழந்தைகளாகத் தவழ்ந்த முருகனுக்குப் பாலூட்டி வளர்த்தார்கள். பார்வதி தேவி வந்து ஆறு பேரையும் சேர்த்து அணைத்தபோது, குழந்தையைத் தாயிடம் ஒப்படைத்தார்கள். பெற்றவர்கள் அல்ல, கடைசி வரை வைத்துக்கொண்டவர்களும் அல்ல. ஆனாலும், முருகனுக்குக் கார்த்திகேயன் என்ற பெயர் அவர்களால்தான் வந்தது. கிருத்திகை தோறும் விரதம் இருக்கிறோமே, அது யாருடைய பெருமை? கொஞ்ச காலம் வளர்த்துவிட்டு, உரிய இடத்தில் ஒப்படைத்த அந்த ஆறு பேருடைய பெருமையும்தானே!

என் வீட்டில் பிழைத்த இரண்டு குட்டிகளும் எட்டு வாரம் ஆனதும் தடுப்பூசி போட்டு, ஒரே வீட்டுக்குச் சேர்ந்தே போயின. கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த அன்று ராத்திரி 2 மணிக்குத் தானாகவே விழிப்பு வந்தது. பால் கலக்க எழுந்துவிட்டேன். பெட்டி காலியாக இருந்தது. அழுகைதான் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால், பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் வருகிற அழுகை அது. அதில் குறை ஒன்றும் இல்லை.

கடைசியாக ஒன்று. பூனைகள் பகல் நீளும் மாதங்களில் அதிகமாகச் சினைப்படும். நம்மைப் போன்ற வெப்ப பூமியில் வருடம் முழுவதும்கூடக் குட்டி போடும். சுமார் 63 முதல் 65 நாட்களில் பிரசவம். நான்கு, ஐந்து மாதப் பெண் குட்டிகூடத் தாயாகிவிடும். குட்டிகளை மட்டும் காப்பாற்றிவிட்டு, தாயை அப்படியே விட்டால் அடுத்த சில மாதங்களில் அதே படிக்கட்டில் அதே குரல் கேட்கும். 'தாய்மையைத் தடுப்பது பாவம் இல்லையா?' என்று என்னிடமே ஒரு பெரியவர் கேட்டார். ஈன்ற குட்டிகள் எறும்புக்கும் லாரிச் சக்கரத்துக்கும் இரையாவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் தாயின் துன்பத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கருத்தடை அறுவை சிகிச்சை செய்துவிடுவது அவளுக்கு நாம் செய்யும் உதவி என்பதே என் முடிவு. உங்கள் மனசாட்சியையும் கேட்டுப் பாருங்கள்.

இத்தனை செய்தும் சில குட்டிகள் பிழைக்காது. அப்போது 'செய்ததெல்லாம் வீணாயிற்றே' என்று கலங்காதீர்கள். சில்லிட்டுக் கிடந்த ஒரு உயிர், தன் கடைசி ராத்திரியை ஒரு தாயின் கதகதப்பில் கழித்திருக்கிறது. அது எப்படி வீணாகும்? பலனை அவனிடம் விட்டுவிடுங்கள்.

நாளைக்குக் காலையில் கோலம் போடும்போது அப்படி ஒரு குரல் கேட்டால், ஒரு நிமிடம் நின்று கேளுங்கள். அன்று காட்டில் எழுந்த குரலுக்கு ஆலவாயான் எழுந்து வந்தான். இன்றைக்கு உங்கள் வாசலுக்கு அவன் உங்களையே அனுப்பியிருக்கலாம் அல்லவா!