பல்கலைக்கழக முற்றத்தில் நம் பிள்ளைகள்



புனித சின்னப்பர் ஏத்தென்ஸ் நகருக்குப் போனதை அப்போஸ்தலர் பணி 17ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அது கல்விமான்களின் நகரம். எங்கு பார்த்தாலும் பிற தெய்வங்களின் பீடங்கள். அவற்றைக் கண்டு அவருடைய உள்ளம் கொதித்தது என்று வேதாகமம் மறைக்காமல் கூறுகிறது. ஆயினும் மன்றத்திலே பேச எழுந்தபோது அவர் அம்மக்களை இகழவில்லை. முதலில் அவர்களுடைய பக்தியை மதித்தார். அவர்களுடைய பீடமொன்றைச் சுட்டிக்காட்டியே பேச்சைத் தொடங்கினார். உள்ளம் கொதித்தாலும் நா மதிப்போடு பேசலாம் என்பது அவர் நமக்கு விட்டுச்சென்ற பாடம்.

இந்தப் பாடம் இன்று நம் வன்னி மண்ணுக்கு மிகவும் வேண்டியது. பம்பைமடுவில் இருக்கும் வவுனியாப் பல்கலைக்கழகம், 1997 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்து, 2021 ஆகஸ்ட் முதலாந் திகதி தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழினுட்ப பீடங்கள் இயங்குகின்றன. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே மண்டபத்தில் விரிவுரை கேட்கிறார்கள். ஒருவர் திருநீறு பூசுகிறார். ஒருவர் நோன்பு பிடிக்கிறார். ஒருவர் பன்சலைக்குப் போகிறார். ஒருவர் செபமாலை சொல்லுகிறார்.

இது எளிதான காரியமன்று. 2009இல் முள்ளிவாய்க்காலில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் நம் ஆலயங்களில் இன்றும் கண்ணீரோடு முழந்தாளிடுகிறார்கள். 2016 ஜூலையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்திலே, புதுமுக மாணவர் வரவேற்பில் கண்டிய நடனம் இடம்பெறுவது பற்றி எழுந்த தகராறு கைகலப்பாகி, மாணவர் காயமுற்றனர், விரிவுரைகள் நின்றன. ஆறாத புண்ணின்மேல் விரல் பட்டால் அப்படித்தான். ஆனால் புண் இருக்கிறதென்று மருந்து கட்டாமல் விடலாமா?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28ஆந் திகதி, ஒரே நாளில், கிறிஸ்தவக் கல்வி பற்றிய ஏட்டையும் பிற சமயங்கள் பற்றிய ஏட்டையும் வெளியிட்டது. கத்தோலிக்கமல்லாத பல்கலைக்கழகங்களில் பயிலும் நம் பிள்ளைகளுக்கு நிலையான ஆன்மீகத் துணை வேண்டுமென்கிறது முதலாவது. பிற சமயங்களில் உண்மையும் புனிதமுமாயுள்ள எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்கிறது மற்றது. இவ்விரண்டையும் பிரிக்கக் கூடாது. முதலாவதை மட்டும் பிடித்தால் வேலி கட்டுவோம். இரண்டாவதை மட்டும் பிடித்தால் வேரை மறப்போம்.

ஆகவே, பல்கலைக்கழக ஆன்மகுருவின் வேலை கத்தோலிக்கப் பிள்ளைகளை எண்ணி வைப்பதோடு முடிவதன்று. அவர்களுக்குத் திருப்பலியும் பாவசங்கீர்த்தனமும் வேண்டும்; அது அவருடைய முதற் கடமை. ஆனால் தகப்பன் இறந்த செய்தி கேட்டு விடுதியில் அழுகிற சைவப் பிள்ளையைத் தேற்றி பஸ் ஏற்றிவிடுபவரும் அவரே. பகிடிவதைக்குப் பயந்து படிப்பை விட நினைக்கிற சிங்களப் பையன் தட்டக்கூடிய கதவும் அவருடையதே. அந்தக் கதவில் மதமாற்றத் தூண்டில் தொங்கக்கூடாது. தாகத்தோடு வருபவனுக்குத் தண்ணீர் கொடுக்கும்போது விலை பேசலாகாது.

பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்திலே பௌத்த விகாரையும் குறிஞ்சிக் குமரன் ஆலயமும் பள்ளிவாசலும் கிறிஸ்தவ ஆலயமும் உண்டு. கட்டடங்கள் பக்கத்தில் இருப்பது நல்லது. ஆனால் உள்ளங்கள் பக்கத்தில் வர மனிதர் வேண்டும்.

அன்பான வாசகரே, அந்த மனிதர் குருவானவர் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் வீட்டில் அறை கேட்டு வரும் மாணவி காலியிலிருந்து வந்தவளாயிருக்கலாம். அவள் மொழி கேட்டதும் உங்கள் நெஞ்சு இறுகலாம். அதைப் பாவம் என்று சொல்ல நான் துணியேன். உங்கள் இழப்பை மறக்கும்படி ஆண்டவர் கேட்கவில்லை. உயிர்த்தபின்னும் அவர் தம் காயங்களை மறைக்கவில்லையே! காயம்பட்ட அதே கைகளால் சமாதானம் கொடுத்தார். அந்தப் பிள்ளைக்கு ஒரு கோப்பை தேநீர் கொடுங்கள். தாயின் பெயரைக் கேளுங்கள். அதுவே போதுமான தொடக்கம்.

பம்பைமடுவைக் கடந்து செல்லும் மன்னார் வீதியாலேதான் வவுனியாவிலிருந்து நாம் மடுத் திருப்பதிக்குப் போகிறோம். அங்கே ஆகஸ்ட் திருவிழாவில் தமிழரும் சிங்களவரும் ஒரே தாயின் முன் நிற்கிறார்கள். சைவரும் பௌத்தரும் நேர்த்தியோடு வருகிறார்கள். திருவிழா நாளில் நமக்கு முடிகிற இக்காரியம் மற்ற நாட்களில் முடியாதா? மடுத்தாய் நம் பிள்ளைகள் எல்லோருக்காகவும் பரிந்து பேசுவாளாக.