கயிறு பிடிப்பவன்

எளிய வாழ்வு பற்றிய புத்தகம் ஒன்றைப் படித்துவிட்டு அலமாரியை ஒழிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. இரண்டு சட்டை, ஒரு பாய், குறைந்த பேச்சு என்று சில வாரங்கள் போகும். பிறகு ஒருநாள், மிஞ்சிய சட்டைகளைவிடக் கொடுத்துவிட்ட சட்டைகளைத்தான் அதிகம் நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரியவரும். துறந்ததற்குக் கணக்கு வைத்திருப்பதும் சொத்துக் கணக்குத்தான். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்ப்பவருக்கும் இரண்டு சட்டைதான். ஆனால் அது அவர் எடுத்த விரதம் அல்ல.

இந்த உறுத்தலோடுதான் வ.உ.சி.யின் மொழிபெயர்ப்புகளைப் படித்தேன். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியவர், 1908இல் கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியவர், இங்கிலாந்துக்காரரான ஜேம்ஸ் ஆலனின் நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறார். 'மனம்போல வாழ்வு', 'அகமே புறம்' என்று தொடங்கி, 'சாந்திக்கு மார்க்கம்' 1934இல் வந்தது. இறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை ஆலனை அவர் விடவில்லை.

ஆலனின் வாதம் எளிது. மனிதனின் சூழ்நிலை அவனது எண்ணங்களின் விளைவு. எண்ணத்தைத் திருத்தினால் வாழ்வு திருந்தும். இதை ஒரு முதலாளி ஆலைத் தொழிலாளியிடம் சொல்வதாகக் கற்பனை செய்து பார்க்கலாம். உன் வறுமைக்கு உன் மனமே காரணம் என்றாகிவிடும். கோரல் மில்லில் கூலி உயர்ந்ததும் ஞாயிறு விடுமுறை கிடைத்ததும் யாரும் எண்ணத்தைத் திருத்திக்கொண்டதால் அல்ல. தொழிலாளர்கள் வெளியே வந்து நின்றதால். இது வ.உ.சி.க்குத் தெரியாததல்ல.

பின் ஏன் ஆலன்? தோல்வியின் ஆறுதல் என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அப்படிப் படவில்லை. நாற்பது ஆண்டுத் தண்டனை பெற்று (மேல்முறையீட்டில் அது குறைந்தது) கோவைச் சிறையில் செக்கிழுத்தவருக்குப் புறம் என்று ஏதும் மீதமில்லை. உள்ளே இருக்கையிலேயே, 1911இல், கம்பெனியும் கலைக்கப்பட்டது. 'அகமே புறம்' என்பதை அத்தகையவன் தனக்கே சொல்லிக்கொள்ளும்போது அது சுதந்திரம். இன்னொருவனைப் பார்த்துச் சொல்லும்போது அது குற்றச்சாட்டு. வாக்கியம் ஒன்றுதான். யார் யாரிடம் சொல்கிறார்கள் என்பதில் அதன் அறம் மாறிவிடுகிறது. சுய பரிசீலனை நூல்களில் பெரும்பாலானவை இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை. வாசகனும் கவனிப்பதில்லை.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோயிற்று. மூழ்குபவன் காலில் கல்லோடு இறங்குவான். மேலே தோணியில் ஒருவன் கயிறு பிடித்திருப்பான். கயிற்றை மைத்துனன் கையில் கொடுப்பதுதான் வழக்கம் என்பார்கள். தன் சகோதரி விதவையாக அவன் சம்மதிக்க மாட்டான் அல்லவா? கீழே மூச்சு மூழ்குபவனுடையது மட்டுமே. அதை வேறு யாரும் அவனுக்காக அடக்கிக்கொள்ள முடியாது. ஆனால் மேலே வருவது அவன் கையில் மட்டும் இல்லை.

வ.உ.சி. இரண்டு வேலையையும் பார்த்தவர். ஆலைத் தொழிலாளிக்குக் கயிறு பிடித்தார். சிறையில் தனியே மூழ்கினார். ஒன்றுக்காக மற்றதை மறுக்க வேண்டிய அவசியம் அவருக்கு நேரவில்லை.

அலமாரி ஒழித்த வாரங்களில் நான் யாருடைய கயிற்றையும் பிடித்ததாக ஞாபகம் இல்லை.