எந்தக் குறையை வைத்துக்கொள்வது?

ஸ்டாண்டர்டு ஹெரால்டை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். 948 சிசி இன்ஜின், இரண்டு கதவு, வண்டலூரில் செய்த குடும்ப வண்டி. ஆனால் இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்டு என்று ஓடிய இதே வண்டியின் சேஸிஸை அடிப்படையாக வைத்துத்தான் 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். இரண்டையும் வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி. சோழவரம் ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் ஹெரால்டும் அங்கே ஓடியிருக்கிறது. அந்தச் சொந்தம் எனக்குப் போதும்.

பானெட்டைத் திறந்தால் மட்கார்டு, ஹெட்லைட்டோடு முன்பாகம் மொத்தமும் முன்னால் சாய்ந்துவிடும். டயர் மேல் உட்கார்ந்தபடி கார்புரேட்டரைக் கழற்றலாம். 1961-ல் இங்கே வந்த மாடலுக்கு ஸ்பேர் எங்கே கிடைக்கும் என்று பயமுறுத்துவார்கள். நாமக்கல் பக்கத்தில் குடியிருப்பவனுக்கு அந்தப் பயம் இல்லை. லாரிக்கு பாடி கட்டும் ஊர் இது. பக்கத்துத் திருச்செங்கோடு போர்வெல் வண்டிக்குப் பேர்போனது. லேத் மாஸ்டர் தேய்ந்த புஷ்ஷை உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்பார், வெர்னியரால் அளப்பார், மறுநாள் புதுசு கொடுத்துவிடுவார். ரப்பர் பீடிங்குக்கும் மீட்டருக்கும்தான் சென்னைப் புதுப்பேட்டையில் அலைய வேண்டும்.

என் ஹெரால்டு ஓரளவு ஓடத் தொடங்கியதும் கொல்லிமலைக்குக் கொண்டுபோனேன். காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு. ஹெரால்டின் முன்சக்கரம் திரும்புகிற கோணம் அலாதியானது. 25 அடிக்குள் முழு வட்டம் அடித்துவிடும். நீளமான வண்டிகள் எதிர்ப்பக்கத்தைத் தொட்டுத் திரும்பும் வளைவை இது தன் பக்கத்திலேயே முடித்துவிடுகிறது.

ஆனால் வெயிலில் ஏறினால் ஃப்யூயல் பம்பில் பெட்ரோல் ஆவியாகி ஏர் லாக் ஆகும். ஈரத்துணியைச் சுற்றிவிட்டு ஓரமாக நிற்க வேண்டும். எலெக்ட்ரிக் பம்ப் மாட்டச் சொல்லாத மெக்கானிக் இல்லை. நான் மாட்டவில்லை. நிற்கும் நேரத்தில் மேலிருந்து பலாப்பழம் ஏற்றி வருகிற டெம்போக்காரர்கள் வண்டியைச் சுற்றி வந்து பார்ப்பார்கள். அதுவும் எனக்குப் பிடிக்கும்.

இறக்கம் வேறு கதை. பழைய ஹெரால்டில் பின்சக்கரம் ஒவ்வொன்றும் தனி அரை ஆக்ஸிலில் ஆடுகிறது. வளைவில் வேகமாக நுழைந்து, பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பின்பக்கம் மேலே எழும், சக்கரம் உள்பக்கம் மடங்கும், பிடிமானம் போய்விடும். 1972-ல் கெஸல் என்ற மாடல் வந்தபோது கம்பெனியே இந்த அமைப்பை விட்டுவிட்டு ஒரே நேர் ஆக்ஸிலுக்குப் போயிற்று. "ஏனுங்க, கெஸல் ஆக்ஸில் ஒண்ணு கெடச்சா மாட்டித் தந்தர்றனுங்க, எதுக்கு வம்பு?" என்றார் லேத் மாஸ்டர். வேண்டாம் என்றேன். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, கியரை மாற்றி, சீராக மிதித்தபடி திரும்பினால் போதும். அந்தப் பழக்கத்தை எனக்குக் கற்றுத்தந்ததே இந்தக் குறைதான்.

பிரேக்கில் மட்டும் பிடிவாதம் பிடிக்கவில்லை. நான்கு சக்கரத்திலும் டிரம். நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறினால் மிதிக்க மிதிக்க வண்டி கேட்காது. எனக்குக் கீழே மிளகு மூட்டையோடு எக்ஸெல் மொபெட்டில் இறங்குபவர் இருக்கிறார், செம்மேட்டுக்குப் போகிற பஸ் இருக்கிறது. பெட்ரோல் ஆவியானால் காத்திருப்பவன் நான். பிரேக் சூடேறினால் விலை கொடுப்பது அவர்கள். ஸ்பிட்ஃபயரில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் உண்டு. சொந்தக்கார வீட்டுப் பொருள்தானே என்று அதை மாட்டினேன். ஒரிஜினல் போயிற்றே என்று வருத்தப்பட்ட நண்பர்களுக்கு மலை இறங்கிப் பழக்கமில்லை.

2021-ல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிக்குத் தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வயது தாண்டி, சேஸிஸ், பாடி, இன்ஜின் மாறாமல் இருந்தால் 'விஏ' வரிசையில் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அன்றாடம் சாலையில் ஓட்டக்கூடாது; கண்காட்சி, ராலி, பராமரிப்பு என்று சில காரணங்களுக்கு மட்டும்தான். மாறாமல் வைத்திரு, அல்லது ஓட்டு என்கிறது சட்டம். அதில் நியாயம் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. மனிதர்கள் விஷயத்தில் அப்படி யாரும் கேட்பதில்லை. "என் சுபாவம் அப்படி" என்று கோபக்காரர் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போவார். அந்தச் சுபாவத்துக்கு வீட்டில் இருப்பவர்கள் அல்லவா வாழ்நாள் முழுக்கத் தவணை கட்டுகிறார்கள்.

ஆக்ஸில் விஷயத்தில் என் நியாயம் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. வண்டி வழுக்கினால் என்னோடு நிற்காது, எதிரே வருபவரையும் இழுக்கும். என் காலுக்கு அதன் குணம் தெரியும் என்பதுதான் இதுவரை என் பதில். இப்போது மகன் சாவி கேட்கிறான். ஆர்சி புத்தகத்தில் பேரை மாற்றிக் கொடுக்கலாம். எந்த இடத்தில் காலை எடுக்கக்கூடாது என்பதை எந்தப் படிவத்தில் எழுதிக் கொடுப்பது?

கெஸல் ஆக்ஸிலுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். "கெடச்சா நெசமா மாட்டுவீங்களா?" என்று கேட்டார் மாஸ்டர். மொதல்ல கெடைக்கட்டுமுங்க என்றேன்.