எதிரணிக்கு விழுந்த தடை

ஐபிஎல் பந்தய விவகாரத்தில் 2015 ஜூலை 14 அன்று நீதியரசர் ஆர்.எம்.லோதா குழு தன் முடிவை அறிவித்தது. சென்னை அணியின் குருநாத் மெய்யப்பனும் ராஜஸ்தான் அணியின் ராஜ் குந்த்ராவும் ஆயுளுக்கும் கிரிக்கெட் பக்கம் வரக்கூடாது. சென்னை சூப்பர் கிங்ஸ் அணியை வைத்திருந்த இந்தியா சிமெண்ட்ஸும், ராஜஸ்தான் ராயல்ஸை நடத்திய ஜெய்ப்பூர் ஐபிஎல் நிறுவனமும் இரண்டு ஆண்டுகள் விலகியிருக்க வேண்டும். சென்னை ரசிகர்கள் பலர் சதி என்றார்கள். மற்ற அணிகளின் ரசிகர்கள் பலருக்குக் கோப்பையே கைக்கு வந்ததுபோல் மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சி அறத்துக்கு உட்பட்டதா?

அந்தமானில் இந்தக் கேள்வி கூடுதலாக உறுத்தும். இன்று ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்ட போர்ட் பிளேரிலிருந்து சென்னையும் கொல்கத்தாவும் ஏறத்தாழ ஒரே தொலைவு. இரண்டு ஊர்களிலிருந்தும் கப்பல் வருகிறது. கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளும், தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படித்து, ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கிறார்கள். 2012இல் சேப்பாக்கத்திலேயே சென்னையை வீழ்த்திக் கொல்கத்தா கோப்பையைத் தூக்கியது. 2021இல் துபாயில் சென்னை அந்தக் கணக்கைத் தீர்த்தது. மெயின்லேண்டில் எதிரணி ரசிகர் என்பவர் தொலைக்காட்சியில் தெரியும் ஒரு கூட்டம். இங்கே அவர் பக்கத்து வீட்டு வங்காளி அண்ணன். நம் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர். அவருடைய அணிக்கு விழும் அடியைப் பார்த்துச் சிரிப்பது அவர் முகத்துக்கு நேரே சிரிப்பதுதான்.

தடை சரியானதுதானா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். சரியானதுதான். குருநாத் பந்தயம் கட்டினார், அணியின் உள்விவரங்களை வெளியே சொன்னார் என்று உச்ச நீதிமன்றம் அமைத்த முத்கல் குழு கண்டறிந்தது. அவர் வெறும் கிரிக்கெட் ஆர்வலர், அணி நிர்வாகத்தில் இல்லை என்ற வாதம் நிற்கவில்லை. அவருடைய மாமனார் என்.சீனிவாசன் ஒரே நேரத்தில் கிரிக்கெட் வாரியத்தின் தலைவர், இந்தியா சிமெண்ட்ஸின் நிர்வாக இயக்குநர். வாரியப் பொறுப்பில் இருப்பவரே ஐபிஎல் அணியும் வைத்திருக்கலாம் என்று 2008இல் விதியைத் திருத்தியிருந்தார்கள். 2015 ஜனவரி 22 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தைச் செல்லாதாக்கியது. ஆட்டத்தை நடத்துபவரும் ஆடுகிற அணிக்குச் சொந்தக்காரரும் ஒருவரே என்றால், டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கும் பார்வையாளர் எதை நம்புவது?

ஆனால் சரியான தண்டனையும் தவறு செய்தவரோடு நின்றுவிடுவதில்லை. தோனி புனே அணிக்குப் போனார், ரெய்னா குஜராத் அணிக்குத் தலைவரானார். புகழ் உள்ளவர்களுக்கு இடம் கிடைத்தது. 2016, 2017 இரண்டு ஆண்டுகளும் சேப்பாக்கத்தில் ஐபிஎல் ஆட்டமே இல்லை. ஆட்ட நாளை நம்பி வாசலில் பனியனும் கொடியும் விற்றவர் எந்தப் பந்தயமும் கட்டவில்லை.

ஒருவர் குற்றத்துக்குப் பலர் சுமக்கும் தண்டனையை அந்தமான் மண் வேறோர் அளவில் அறியும். குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ் முத்திரை குத்தப்பட்ட பாந்து சமூகத்தினரை வட இந்தியாவிலிருந்து 1920களில் கொண்டுவந்து இங்கே குடியேற்றினார்கள். பிறந்த குடும்பமே அவர்களுக்குக் குற்றப்பத்திரிகை. அந்தக் கொடுமையையும் இரண்டாண்டு கிரிக்கெட் தடையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது, வைப்பதும் தவறு. ஆனாலும் ஒரு மனப்பழக்கம் இரண்டிலும் தெரிகிறது. ஒரு கூட்டத்தில் சிலர் செய்ததை அந்தக் கூட்டத்தின் இயல்பாகவே பேசுவது. ‘சென்னைக்காரனே ஃபிக்சிங்காரன்’ என்று கடைத்தெருவில் ஒருவர் சொல்லும்போது அவர் குருநாத்தைப் பற்றிப் பேசவில்லை. மஞ்சள் பனியன் போட்டு எதிரே நிற்கும் பையனைப் பற்றிப் பேசுகிறார்.

விளையாட்டு தூய்மையாக வேண்டும் என்று காத்திருந்தவர் இந்தத் தீர்ப்பில் மகிழ்வதில் குறையே இல்லை. அப்படிப்பட்டவரை அடையாளம் காண்பதும் எளிது. அவர் தன் அணியின் உரிமையாளர் மீதும் அதே கேள்வியைப் போட்டிருப்பார். மற்றவருக்கு நீதி ஒரு பொருட்டல்ல. எதிரி பலவீனப்பட்டான், அது போதும்.

இந்த வகை மகிழ்ச்சி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஒரு சான்று உண்டு. பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் முன்னாள் உதவிப் பயிற்சியாளர் ஜெர்ரி சாண்டஸ்கி சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கியவர் என்று 2012இல் தீர்ப்பானது. அடுத்த மாதமே கல்லூரி விளையாட்டுச் சங்கம் 6 கோடி டாலர் அபராதம் விதித்தது, நான்கு ஆண்டுகளுக்குப் பருவ இறுதிப் போட்டிகளைத் தடுத்தது, 112 வெற்றிகளைக் கணக்கிலிருந்து அழித்தது. அந்த வெற்றிகள் 2015இல் திருப்பித் தரப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் ஒரு தரப்பில் எதிரணியின் சரிவைப் பற்றிய கேலி, மறு தரப்பில் பறிபோன வெற்றிகளைப் பற்றிய புலம்பல். பிள்ளைகள் பட்ட துன்பம் இரண்டு பேச்சிலும் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. கேலி செய்தவர்கள் அந்தப் பிள்ளைகளின் துயரத்தையே தங்கள் அணிக்குக் கிடைத்த ஆயுதமாக எடுத்தார்கள். அதை மன்னிக்க முடியாது.

சென்னை ரசிகர்கள் மட்டும் உத்தமர்களா? அவர்கள் பக்கம் இருந்த பிழையும் சிறியதல்ல. அணியை நேசிப்பது ஒன்று, உரிமையாளரின் மருமகனுக்காக வாதாடுவது வேறொன்று. பலர் இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டார்கள். 2018இல் அணி திரும்பி வந்தபோது, காவிரிப் போராட்டத்தால் உள்ளூர் ஆட்டங்கள் புனேக்கு மாற்றப்பட்டன. ரசிகர்கள் சிறப்பு ரயிலேறிப் போய் விசிலடித்தார்கள். அவ்வளவு பெரிய அன்பில், தங்களை ஏமாற்றியவர்கள் யார் என்ற கேள்விக்கும் கொஞ்சம் இடம் இருந்திருக்கலாம். ஏமாந்தவர்களில் முதல் ஆட்கள் அவர்களே.

கேலி செய்தவர்களின் பெரிய பிழையும் 2018க்குப் பிறகுதான் தொடங்குகிறது. தண்டனைக்காலம் முடிந்த பின்னும் அதே சொல்லால் குத்திக்கொண்டிருப்பது லோதா குழு விதிக்காத ஒரு தண்டனையைத் தானாகச் சேர்ப்பது. இரண்டு ஆண்டு என்றால் இரண்டு ஆண்டு.

எதிரணி என்று யாரும் இல்லாத ஒரு தடையும் வந்தது. 2022 ஆகஸ்ட்டில் உலகக் கால்பந்து அமைப்பு இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தை இடைநீக்கம் செய்தது. ஆசிய மகளிர் கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் போய் இறங்கிய கோகுலம் கேரளா வீராங்கனைகள் ஆடாமலே திரும்பினார்கள். நிர்வாகிகளின் தவறுக்கு இந்தப் பெண்கள் ஏன் இழக்க வேண்டும் என்று பல அணிகளின் ரசிகர்களும் கேட்டார்கள். சரியான கேள்வி. தடை எல்லாருக்கும் பொதுவாக வந்ததால் அந்தக் கேள்வி தானாக நாவுக்கு வந்தது.

லோதா குழுவின் வேலை தடையோடு முடியவில்லை. கிரிக்கெட் வாரியத்தையே திருத்தியமைக்கும் அறிக்கையை 2016 ஜனவரியில் அது கொடுத்தது. நிர்வாகிகளின் பதவிக்காலத்துக்கு வரம்பு கேட்டது. 2022 செப்டம்பரில் அந்த வரம்பு தளர்த்தப்பட்டபோது, 2015இல் கொண்டாடியவர்களையும் காணவில்லை, கொதித்தவர்களையும் காணவில்லை. அந்தச் சீர்திருத்த அலையில்தான் 2018-19இல் புதுச்சேரி, பீகார், வடகிழக்கு மாநிலங்கள் உட்பட ஒன்பது அணிகள் ரஞ்சிக் கோப்பைக்கு வந்தன. அந்தமான் நிக்கோபாருக்கு அந்த வரிசையில் இடம் கிடைக்கவில்லை. சென்னையையும் கொல்கத்தாவையும் சொல்லி ஒருவரையொருவர் சீண்டிக்கொள்ளும் தீவுப் பிள்ளைகள், தங்கள் பெயரில் ஓர் அணி ஏன் இல்லை என்று சேர்ந்து கேட்கலாம். வாரியத்தை யார், எத்தனை ஆண்டு நடத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தே அதற்கு விடை கிடைக்கும்.