தூய உணவு எது?

புனே நகரில் வாழும் தமிழ்ப் பௌத்த அன்பர்களிடையே அண்மைக் காலமாக ஒரு வினா அடிக்கடி எழுந்து வருகின்றது. இயற்கை உரமிட்டு விளைத்த தானியமும் காய்கறியும் இன்று இந்நகரில் தனிக் கடைகளில் தனி விலைக்கு விற்கின்றன. அவ்விலை கொடுக்க இயலாத குடும்பத்தவர் மகாத்மா புலே காய்கறிச் சந்தையில் கிடைப்பதை வாங்கி உண்கின்றனர். மரபணு மாற்றிய பயிர் நஞ்சு என்று ஒரு சாரார் கூறுகின்றனர். அதுவே பசியையும் பூச்சி மருந்தையும் ஒழிக்கவல்லது என்று மற்றொரு சாரார் கூறுகின்றனர். கொல்லாமையைச் சீலமாக ஏற்ற நாம் எதை உண்பது தகும்? மலிவானதை வாங்கிப் பிள்ளைகளுக்கு இடுவது குற்றமாகுமா? இது வயிற்றைப் பற்றிய வினா மட்டுமன்று. அறத்தைப் பற்றிய வினாவும் ஆகும். ஆகவே இதனை நிதானமாக ஆராய்வோம்.

முதலில் உண்மை நிலையை அறிதல் வேண்டும். இந்தியாவில் வாணிக முறையில் பயிரிடச் சட்டப்படி இசைவு பெற்று விளைந்துவரும் மரபணு மாற்றுப் பயிர் ஒன்றே. அது 2002ஆம் ஆண்டில் இசைவு பெற்ற பருத்தி. உணவுப் பயிர் எதுவும் அவ்வாறு வயலுக்கு வரவில்லை. கத்தரி வருவதாக இருந்தது. இதே மராட்டிய மாநிலத்தின் ஜால்னா நகரைச் சேர்ந்த மஹிகோ விதை நிறுவனம், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரின் மரபணுவைக் கத்தரிச் செடியில் சேர்த்து, காய்த்துளைப்பான் புழுவைத் தானே எதிர்க்கும் செடியை உண்டாக்கியது. நடுவண் அரசின் ஒப்புதல் குழு 2009 அக்டோபரில் அதற்கு இசைவளித்தது. அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெயராம் ரமேஷ் நாகபுரி உள்ளிட்ட ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டபின், 2010 பிப்ரவரி 9ஆம் நாள் அதனை நிறுத்தி வைத்தார். அதே கத்தரியை வங்காள தேசம் 2013இல் ஏற்றுக்கொண்டது. கடுகைப் பொறுத்தவரை, 2022இல் அளிக்கப்பட்ட இசைவின்மீது உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் 2024 ஜூலையில் மாறுபட்ட தீர்ப்பு வழங்கினர்.

ஆகவே சந்தையில் கத்தரிக்காயைக் கையில் எடுக்கும் நம் இல்லத்தரசியின் முன் உள்ள தேர்வு, இயற்கையா மரபணு மாற்றமா என்பதன்று. இயற்கை முறையில் விளைந்ததா, பலமுறை பூச்சி மருந்து தெளித்து விளைந்ததா என்பதே அவர் முன் உள்ள தேர்வு. மரபணு மாற்றிய பருத்தியின் கொட்டையிலிருந்து எடுத்த எண்ணெயோ பல ஆண்டுகளாக நம் நாட்டு மக்களின் உணவில் கலந்தே வருகின்றது. அச்சம் ஒரு பக்கமும் பொருள் மற்றொரு பக்கமும் நிற்கின்றன என்பதை இதனால் உணரலாம்.

மரபணு மாற்றம் இயற்கைக்கு மாறானது, ஆதலின் தீயது என்பது முதல் வாதம். இவ்வாதம் ஆராய்ச்சியின்முன் நிற்பதில்லை. கத்தரியில் சேர்த்த மரபணுவுக்கு உரிய நுண்ணுயிர் எதுவோ, அதனையே பொடியாகவும் கரைசலாகவும் செடிமேல் தெளிக்க இயற்கை வேளாண்மையின் விதிகள் இடம் தருகின்றன. மராட்டிய உழவர் பல்லாண்டுகளாக விளைத்துவரும் டிராம்பே நிலக்கடலை வகைகள், பம்பாய் அணு ஆராய்ச்சி நிலையத்தில் கதிர்வீச்சினால் விதையின் மரபை மாற்றித் தேர்ந்தெடுத்த மரபிலிருந்து வந்தவை. அவற்றை எவரும் அஞ்சி ஒதுக்கவில்லை. இதனால் எல்லா மரபணு மாற்றமும் நன்று என்று நாம் கூறவில்லை. இயற்கை, செயற்கை என்னும் கோடு நன்மை தீமையைப் பிரிக்கும் கோடு அன்று என்பதே நாம் கூறுவது. ஒவ்வொரு பயிரையும் அதன் விளைவைக் கொண்டே மதிப்பிடல் வேண்டும்.

தூய்மை என்னும் சொல் இரண்டாவதாக வருகின்றது. இச்சொல்லைக் கேட்கும்போது நாம் பிறரைவிடச் சற்று விழிப்பாய் இருத்தல் கடமை. புனேயிலிருந்து மலைத்தொடரைக் கடந்தால் மகாடு என்னும் ஊர் இருக்கின்றது. அங்கே 1927 மார்ச்சில் பாபாசாகேப் அம்பேத்கர் தம் மக்களுடன் சவுதார் குளத்து நீரைப் பருகினார். அதன்பின் சாதி இந்துக்கள் தயிர், பால், சாணம், கோமூத்திரம் ஆகியவற்றை 108 குடங்களில் ஊற்றி அக்குளத்தைச் சுத்தி செய்தனர். நீர் அழுக்காய் இருந்ததனால் அல்ல. பருகிய மனிதரை அழுக்கு என்று கருதியதனால். உணவின் தூய்மை உண்பவனின் உயர்வாக மாறும்போது நேரும் கேடு இது. நஞ்சற்ற உணவை நாடுவோர் எவரையும் நாம் இதனால் பழிக்கவில்லை. உடல்நலம் கருதுவது அறிவுடைமையே. ஆயினும் கலத்தில் இருப்பதைக் கொண்டு மனிதரை வரிசைப்படுத்தும் பழக்கம் எவ்வடிவில் வந்தாலும், அது நமக்கு ஏற்புடையதன்று.

பகவன் புத்தர் காலத்திலேயே இவ்வினா எழுந்ததுண்டு. தேவதத்தன் பிக்குகளின் ஊணையும் உறையுளையும் குறித்த ஐந்து கடுமையான விதிகளை எல்லார்க்கும் கட்டாயமாக்குமாறு வேண்டினான். பகவன் அதற்கு இசையவில்லை; விரும்புவோர் அவற்றைக் கைக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். ஏழையின் வீட்டுக் கஞ்சியும் செல்வன் வீட்டுச் சோறும் ஒரே பாத்திரத்தில் விழுந்தன. உணவில் கடுமை காட்டுவதே மேன்மை என்று அவர் கருதவில்லை.

இனி எதிர்ப்பக்கத்தாரின் வாதத்தையும் அதே கண்ணால் நோக்குவோம். "விஞ்ஞானம் கூறிவிட்டது, பாமரர் வினவ வேண்டா" என்பது அவர்களுள் சிலரின் குரல். காலாமருக்குப் பகவன் அளித்த அறிவுரை மரபுக்கு மட்டுமன்று, ஆசானுக்கும் பொருந்தும். பருத்தியின் வரலாறு நமக்குப் பாடமாக இருக்கின்றது. பருத்தியின் காய்ப்புழுக்களைத் தடுத்து மருந்துச் செலவைக் குறைக்கும் என்று கூறி விதை விற்கப்பட்டது; தொடக்க ஆண்டுகளில் அது பெரிதும் பலித்தது. ஆனால் புழு எதிர்ப்புத் திறன் பெறாதிருக்க, வயலில் ஒரு பங்கைச் சாதாரணப் பருத்திக்கு ஒதுக்க வேண்டும் என்ற விதியைச் சிறு உழவர் பெரும்பாலோர் பின்பற்றவில்லை; ஒரு ஏக்கர் இரண்டு ஏக்கர் உடையவன் விளைச்சலை இழக்க எங்ஙனம் துணிவான்? இளஞ்சிவப்புக் காய்ப்புழு எதிர்ப்புத் திறன் பெற்றது. 2017இல் மராட்டியப் பருத்தி வயல்களில் பெருஞ்சேதம் விளைந்தது. அவ்வாண்டு யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்தவர்களுள் சுமார் இருபது பேர் நஞ்சேறி மாண்டனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனை சேர்ந்தனர். மாண்டவர்களுள் சிறு உழவரும் நிலமற்ற கூலிகளும் இருந்தனர்.

இங்கேதான் வினாவின் உயிர்நிலை இருக்கின்றது என்பது நம் கருத்து. உண்பவன் உடலைப் பற்றி இரு சாராரும் ஓயாது பேசுகின்றனர். விளைப்பவன் உடலைப் பற்றிப் பேசுவோர் சிலரே. கத்தரிக்காயில் எஞ்சி நிற்கும் மருந்து நம்மிடம் சிறிதளவே வருகின்றது. தெளிப்பானைத் தோளில் சுமந்து, முகமூடியும் கையுறையும் இன்றி வரிசை வரிசையாக நடப்பவனுடைய மூச்சில் அது முழுமையாகச் சேர்கின்றது. நஞ்சு விற்பதைத் தகாத ஐந்து வாணிகங்களுள் ஒன்றாகப் பகவன் விலக்கினார். அவ்வாறாயின், நம் கலத்துக்கு வரும் உணவு யாருடைய துன்பத்தின்மேல் விளைந்தது என்று கேட்பதே நமது முதல் அளவுகோலாதல் வேண்டும்.

இவ்வளவுகோல் இரு பக்கமும் வெட்டும். வங்காள தேசத்தில் அக்கத்தரியைப் பயிரிட்ட உழவரின் பூச்சி மருந்துச் செலவு குறைந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. "தீமை இல்லை என்று முற்றும் தெளியும்வரை காத்திருப்பதே அகிம்சை" என்பார்க்கு நாம் சொல்வது இது: காத்திருக்கும் காலத்தில் நஞ்சைச் சுவாசிப்பவர் யாரோ, அவரையும் கணக்கில் சேருங்கள். ஆராய்வதற்காகக் காத்திருத்தல் அறம். மறந்துவிடுவதற்காகக் காத்திருத்தல் அறமன்று. இலங்கை அரசு 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை ஒரே ஆணையால் தடுத்தது. நெல் விளைச்சல் பெரிதும் குறைந்தது, தேயிலையும் தாழ்ந்தது. நவம்பருக்குள் ஆணையைத் தளர்த்த நேர்ந்தது. நோக்கம் நன்றாயினும், உழவனைக் கேளாமல் அவன்மேல் சுமத்திய நன்மை துன்பமாயிற்று. மறுபுறம், களைக்கொல்லியைத் தாங்கும் பயிர் பரவினால் களை பறித்துக் கூலி பெறும் பெண்களின் கதி என்ன என்பதை அதனைப் புகழ்வோர் கூறுவதில்லை.

விதை யாருடையது என்பது இரண்டாம் அளவுகோல். புனேயைச் சுற்றியே இதற்கு இரு விடைகள் பிறந்தன. சாகண் அருகே அம்பேட்டாணில் வாழ்ந்து உழவர் இயக்கம் கண்ட ஷரத் ஜோஷி, எந்தத் தொழில்நுட்பத்தையும் தேர்ந்துகொள்ளும் உரிமை உழவனுக்கு உண்டு என்று வாதிட்டார். அவர் 2015இல் மறைந்தபின், 2019 ஜூனில் அவ்வியக்கத்தார் அகோலா மாவட்டத்தில் இசைவு பெறாத பருத்தி விதையை வெளிப்படையாகவே விதைத்தனர். புனேக்கு வடக்கே அகோலே வட்டத்துக் கொம்பல்ணே சிற்றூரில், பள்ளி சென்றறியாத பழங்குடிப் பெண்ணாகிய ராகிபாய் போபேரே, புனேயின் பைஃப் நிறுவனத்தின் துணையுடன் நாட்டு விதைகளைச் சேர்த்துக் காத்து அண்டையார்க்கு வழங்கினார். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இருவர் வழியும் எதிரெதிர் என்பர். நமக்கோ இருவரும் ஒன்றையே கேட்டதாகத் தோன்றுகின்றது: விதையைப் பற்றிய முடிவு விதைப்பவன் கையில் இருத்தல் வேண்டும். பருத்தி விதை முதலில் 450 கிராம் பொட்டலம் 1,600 ரூபாய்க்குமேல் விற்றதும், 2006இல் அரசுகள் தலையிட்டபின் 750 ரூபாய்க்கு இறங்கியதும், அக்கை வேறெங்கோ இருந்ததற்குச் சான்று. விதையைச் சேமிக்கவும் பரிமாறவும் உழவர்க்கு உரிமையளிக்கும் 2001ஆம் ஆண்டுச் சட்டத்தை நம் கிராமத்து உறவினர் அறியுமாறு செய்தல் நற்பணி.

வாய்மை மூன்றாம் அளவுகோல். இயற்கை விளைபொருள் என்று பொய்யாக எழுதி இரட்டை விலை பெறுவதும், மரபணு மாற்றியதை மறைத்து விற்பதும் ஒரே குற்றத்தின் இரு முகங்கள். வாங்குபவன் அறிந்து தேர்தல் வேண்டும். அறியாதவனுக்குத் தேர்வு இல்லை.

ஆகவே வினாவிய அன்பர்க்கு நமது விடை இது. சந்தையில் மலிவாகக் கிடைத்த காயைக் கழுவிச் சமைத்துப் பிள்ளைகளுக்கு இடும் தாய் எக்குற்றமும் செய்தவள் அல்லள். பசித்தவர்க்குச் சோறிடுவதே முதல் அறம் என்பதை மணிமேகலையின் பாத்திரம் நமக்கு அன்றே உணர்த்திற்று. வசதியுடையோர் இயற்கை விளைபொருளுக்குக் கூடுதல் விலை தருவாராயின், அது தம்மைத் தூய்மையாக்கும் என்று எண்ணித் தர வேண்டா. விளைத்தவனுக்கு அவ்விலை சேருகின்றதா என்று கேட்டுத் தருக. மரபணு மாற்றத்தை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் நம்மிடம் வரும்போது மூன்றைக் கேட்போம்: துன்பம் யார்மேல் விழுகின்றது? விதை யார் கையில் இருக்கின்றது? சொல்வது மெய்யா? இம்மூன்றுக்கும் நேரிய விடை தருபவரோடு நாம் செல்லலாம். தராதவர் இயற்கையின் பெயரால் வரினும், விஞ்ஞானத்தின் பெயரால் வரினும், அவரை நாம் பின்தொடர வேண்டுவதில்லை.