இலேசின் எடை

நெய்வேலிச் சுரங்கத்தின் விளிம்பில் நின்று கீழே பார்த்தால், வாளிகள் பூட்டிய ராட்சதச் சக்கரம் ஒன்று மெல்லச் சுழன்று மண்ணை வாரிக்கொண்டிருக்கும். பழுப்பு நிலக்கரியைத் தொடுவதற்கு முன், அதன் தலைமேல் கிடக்கும் பல மடங்கு மண்ணை அள்ளிக் கொட்டியாக வேண்டும். அடியிலிருந்து முட்டும் நிலத்தடி நீரை இரவு பகலாய் இறைத்தாக வேண்டும். இங்கே எல்லாமே கனம்.

இதற்கு நேரெதிர் தேஜஸ் போர் விமானம். கோட்டா ஹரிநாராயணா தலைமையில் உருவாகி, 2001 ஜனவரி 4 அன்று பெங்களூரில் முதன்முதலாகப் பறந்தது. அதன் உடற்கட்டு எடையில் ஏறத்தாழ 45 சதவீதம் கரியிழைக் கலவைப் பொருள். அலுமினியத்தைவிட இலேசு, உறுதியில் குறைவில்லை. நிலக்கரியில் இருப்பதும் கரிதான், அந்த இறக்கையில் இருப்பதும் கரிதான். கொதிகலனில் காற்றோடு சேர்ந்தால் எரிந்துபோகிறது. செயற்கை இழையைப் பக்குவப்படுத்தி, காற்றுப் புகாத உலையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டால், மற்றதெல்லாம் ஆவியாகிக் கரி மட்டும் நூலாய் நிற்கிறது.

அந்த உலைக்கு மின்சாரம் வேண்டும். இழையைப் பிசினோடு அழுத்தி வேகவைக்கும் கலனுக்கும் வேண்டும். நெய்வேலி நிலக்கரியை எரித்து எடுக்கும் மின்சாரத்தில் ஒரு பங்கு, பெங்களூர் இருக்கும் கர்நாடகத்துக்கும் போகிறது. எந்த யூனிட் எந்தக் கலனைச் சூடாக்கியது என்று கம்பி சொல்லாது.

மேலே இலேசாக, கீழே கனம் செலவாகும் இந்தக் கணக்கு விண்வெளியில் இன்னும் பச்சையாகத் தெரியும். நிலவுக்குப் போன சந்திரயான்-1 புறப்பட்டபோது 1,380 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு 2008 அக்டோபர் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டோ 300 டன்னுக்கும் மேல். பெரும்பாலும் எரிபொருள். மேலே போனது கைப்பிடி, கீழே கரைந்தது மூட்டை மூட்டையாக.

பொறியாளர் ஒவ்வொரு கிராமாகக் குறைக்கிறார். அது பெரிய வித்தை, சந்தேகமில்லை. ஆனால் குறைந்த கனம் காணாமல் போவதில்லை. உலைக்குப் போகிறது, சுரங்கத்துக்குப் போகிறது, கடைசியில் யாரோ ஒருவர் தோளில் போய் உட்காருகிறது. இந்தச் சுரங்கத்துக்காக வீட்டையும் வயலையும் விட்டு நகர்ந்த கிராமத்தார் தோளும் அதில் ஒன்று.

பறப்பதைக் குறை சொல்லவில்லை. இலேசான எதைக் கண்டாலும், இதன் கனம் எங்கே இறங்கியது என்று ஒரு முறை கேட்டுப் பழகலாம். நெய்வேலியில் அந்தப் பதிலைத் தேட வேண்டியதில்லை. சுரங்கத்தில் அள்ளிய மண், கண்ணெதிரே மலையாய்க் குவிந்து கிடக்கிறது.