கைதவறிய பந்தும் கருதி எறிந்த பந்தும்

ஆசிரியப் பணியில் இருந்த நாள்களில் நான் மிகுதியாகக் கேட்ட சொல் ஒன்றுண்டு. விளையாட்டு வேளை முடிந்ததும் ஒரு பிள்ளை அழுதுகொண்டு வரும். அதன் பின்னே மற்றொரு பிள்ளை, "தெரியாமல் பட்டுவிட்டது, டீச்சர்" என்று சொல்லிக்கொண்டு வரும். சில வேளைகளில் அது மெய். சில வேளைகளில் பொய். காயம் இரண்டிலும் ஒன்றே. வேறுபாடு எறிந்தவன் உள்ளத்தில் மட்டுமே இருக்கிறது. அவ்வுள்ளத்தைத் திறந்து பார்க்க எந்த ஆசிரியராலும் இயலாது.

இதே வினா அமெரிக்க நாட்டின் பேஸ்பால் ஆட்டத்தில் நூறாண்டுகளுக்கு மேலாகத் தீராமல் நிற்கிறது. நம்மவர் பலருடைய பேரப்பிள்ளைகள் இன்று அந்நாட்டில் வளர்கின்றனர். ஆதலின் இதனை எண்ணிப் பார்ப்பது நமக்குப் புறம்பானதன்று.

கிரிக்கெட்டில் பந்து பெரும்பாலும் தரையில் பட்டு எழும்; பேஸ்பாலில் நேரே பாய்ந்து வரும். எறிபவருக்கும் அடிப்பவருக்கும் இடையே உள்ள தொலைவு 60 அடி 6 அங்குலம். ஏறத்தாழ 145 கிராம் எடையுள்ள பந்து, மணிக்கு 145 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வருவதுண்டு. விலகிக்கொள்ள அரை நொடியும் கிடைப்பதில்லை. பந்து உடலில் பட்டால், அடித்து ஆடாமலே முதல் தளத்திற்குச் செல்லலாம் என்பது விதி. விதிநூலில் எழுதப்படாத வழக்கம் ஒன்றும் உண்டு. எதிரணி நம் ஆட்டக்காரரைப் பந்தால் தாக்கினாலோ, பந்தை எல்லைக்கு அப்பால் அடித்துவிட்டுச் செருக்குக் காட்டினாலோ, அவ்வணியினர் ஒருவர் மீது வேண்டுமென்றே பந்தை எறிவதே அவ்வழக்கம். "இவ்வச்சம் இல்லாவிடில் எங்கள் தோழர்களைக் காப்பது எங்ஙனம்?" என்பது அதனை ஆதரிப்போர் வாதம்.

1920 ஆகஸ்டு 16ஆம் நாள் நியூயார்க்கில் நடந்த ஆட்டத்தில், யாங்கீஸ் அணியின் கார்ல் மேஸ் எறிந்த பந்து கிளீவ்லாந்து அணியின் ரே சாப்மன் தலையில் பட்டது. தலைக்கவசம் அணியும் வழக்கம் அந்நாளில் இல்லை. மறுநாள் அவர் உயிர் நீத்தார், வயது 29. தாம் கருதிச் செய்யவில்லை என்றே மேஸ் கூறினார். அது மெய்யாகவே இருக்கலாம். ஆயினும் ஐயம் அவரை வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது. கருதி எறிவதும், எறிந்தபின் கைதவறியது என்பதும் அவ்வாட்டத்தில் பழகிப்போனவை அல்லவா? பொய்யர் நாளும் சொல்லும் சொல்லையே மெய்யரும் சொல்ல நேர்ந்தால், மெய்யரை யார் நம்புவர்?

2012 மே 6ஆம் நாள் வாஷிங்டனில் மற்றொரு நிகழ்ச்சி. பிலடெல்பியா அணியின் கோல் ஹாமல்ஸ், பெரிய அணியில் ஆட வந்து பத்து நாளும் நிறையாத பிரைஸ் ஹார்ப்பர் என்னும் 19 வயது இளைஞரின் முதுகில் பந்தை எறிந்தார். அதே ஆட்டத்தில் ஹாமல்ஸ் மட்டை பிடித்து நின்றபோது, வாஷிங்டன் அணியின் ஜோர்டன் சிம்மர்மன் எறிந்த பந்து அவர் காலில் பட்டது. ஆட்டம் முடிந்தபின் ஹாமல்ஸ், தாம் வேண்டுமென்றே எறிந்ததாக வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அவருக்கு ஐந்து ஆட்டங்கள் ஆடத் தடை விதிக்கப்பட்டது. சிம்மர்மன் தாம் கருதி எறியவில்லை என்றார்; அவருக்குத் தண்டனை இல்லை. அவர் பொய்யுரைத்தார் என்று நான் சொல்லவில்லை. அதனை அவர் உள்ளமே அறியும். ஆனால் இதனைப் பார்த்த இளைஞர்கள் கற்ற பாடம் யாது? அடித்தாலும் ஒப்புக்கொள்ளாதே என்பதன்றோ?

நம் அறநூல்கள் இம்சையை ஆரம்பம், தொழில், விரோதம், சங்கல்பம் என நான்காக வகுத்துரைக்கின்றன. சமையலிலும் உழவிலும் நேரும் இம்சையை இல்லறத்தார் முற்றும் விலக்க இயலாது. தம்மையும் தம்மைச் சார்ந்தோரையும் காக்க எதிர்த்து நிற்பது விரோத இம்சை; இல்லறத்தார்க்கு அதற்கும் ஓரளவு இடமுண்டு. கருதிச் செய்யும் சங்கல்ப இம்சைக்கு மட்டும் இடமே இல்லை.

தோழரைக் காக்கிறோம் என்போர், தம் செயலை மூன்றாம் வகையில் சேர்க்க முயல்கின்றனர். வருகின்ற தீங்கைத் தடுப்பது காப்பு. தீங்கு நிகழ்ந்து முடிந்தபின், அதனைச் செய்யாத ஒருவர் முதுகில் எறிவது காப்பாகுமா? அமெரிக்கன் லீகில் 1973 முதலும், நேஷனல் லீகையும் சேர்த்து 2022 முதலும், பந்தெறிபவருக்கு மாற்றாக வேறொருவரே மட்டை பிடிக்கிறார். எனவே தீங்கு செய்தவர் ஓரமாக அமர்ந்திருக்க, அவர்தம் தோழர் அடிபடுகிறார். செய்தவன் ஒருவன், துய்ப்பவன் மற்றொருவன் என்பது எந்த நீதி?

மட்டையாளருக்கு அருகே எறிவது குற்றமன்று; அது ஆட்டத்தின் ஒரு பகுதி. கைதவறிப் பட்டால் எறிந்தவரைக் கொடியவர் எனலாகாது. ஆயினும் தம் கை தமக்கு அடங்காது என்று அறிந்தும் தலைக்கருகே எறிபவர், விழிப்பின்மை என்னும் குற்றத்திலிருந்து தப்ப இயலாது. கருதி எறிபவரிடமோ கஷாயங்கள் அணிவகுத்து நிற்கின்றன. பழிவாங்கத் தூண்டுவது குரோதம். பிறர் செருக்கைப் பொறாதது தம்முடைய மானம். கைதவறியது என மறைப்பது மாயை. இம்சை ஒருபோதும் தனியே வருவதில்லை. பொய்யையும் கைப்பிடித்து அழைத்து வருகிறது.

கருதி எறிந்தார் என்று நடுவர் கருதினால் அவரை வெளியேற்றலாம். ஆனால் நடுவர் காண்பது பந்தின் போக்கை மட்டுமே. கருத்தைக் காணும் நடுவர் எறிபவர் நெஞ்சிலேயே இருக்கிறார்.

என் வகுப்பில், "வேண்டுமென்று செய்தாயா?" என்று கேட்பதைச் சில ஆண்டுகளில் நான் விட்டுவிட்டேன். அவ்வினா பொய்க்கு வாயில் திறந்ததை அனுபவத்தில் கண்டேன். "அவனுக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்டு வா" என்று அனுப்பத் தொடங்கினேன். கேட்டு வந்த பிள்ளைகளுள் சிலர், நான் கேளாமலே உண்மையைச் சொன்னார்கள். தொலைவிலுள்ள நம் பேரப்பிள்ளைகள் தொலைபேசியில் தம் ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது, வென்றாயா என்று கேட்பதோடு, யாருக்கேனும் அடிபட்டதா, அவரிடம் சென்று கேட்டாயா என்றும் நாம் கேட்போமாக.